யார் யாரோ

இரண்டு நாளாக இணையத்தில் அந்தப் படம் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. எந்தப் படம் என்று உங்களுக்கே தெரியும். அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் இடிபட்ட திண்ணை வீடு. முன்னால் ஜேசிபி, பின்னால் பாதி உடைந்த கூடத்துச் சுவர், அதில் இன்னும் தொங்கும் காலண்டர். அழுகைப் பொம்மை போட்டவர்கள் நானூறு பேருக்கு மேல். நானும் போடத்தான் போனேன். அப்புறம்தான் படத்துக்கு மேலே பதிவில் எழுதியிருந்ததை முழுதாகப் படித்தேன். "இனி இங்கே ஃபிளாட் வரும். யார் யாரோ வருவார்கள். நம் ஸ்ரீரங்கம் முடிந்தது."

அந்த யார் யாரோவில் ஒருத்தி நான். வணக்கம்.

2014இல் இதே சாலையை ஒட்டி, இதே மாதிரி ஒரு பழைய வீட்டை இடித்துக் கட்டிய ஃபிளாட்டில்தான் வாங்கினேன். 780 சதுர அடி. யூ.டி.எஸ், அதாவது அடியில் இருக்கும் மனையில் என் பங்கு, 310. இருபது வருஷக் கடன். அதில் பாதியைத்தான் தாண்டியிருக்கிறேன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் குளியலறைக் குழாய் தெரியும். பால்கனியில் ஓரமாகக் கழுத்தை நீட்டினால் ராஜகோபுரத்தின் மேல் நிலைகள் தெரியும். "கோபுர தரிசனம் உள்ள வீடு" என்று புரோக்கர் அதற்குத் தனியாக விலை சொன்னார். கொடுத்தேன்.

முதலில் கோயில் மதிலுக்கு உள்ளேதான் தேடினேன். உத்திர வீதி, சித்திரை வீதி என்று ஆசைதான், யாருக்கு இருக்காது? நான் பத்திரம் காட்டிய வக்கீல் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "அடிமனை." வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். உள்வீதிகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்களின் வீடு அவர்களுடையது, வீட்டின் அடியில் இருக்கும் மண் கோயிலுடையது என்று ஒரு தகராறு பல வருஷமாக ஓடுகிறது. வாங்க, விற்க, கடன் வாங்க எல்லாவற்றிலும் அது குறுக்கே நிற்கும். மாதச் சம்பளக்காரி வழக்கோடு வீடு வாங்க முடியுமா? அதனால்தான் மதிலுக்கு வெளியே, காவிரிப் பக்கம் வந்தேன். அதுவும் சும்மா வரவில்லை. வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், ஆறு வாரிசுகளின் கையெழுத்து (ஒருவர் நியூஜெர்சியிலிருந்து பவர் அனுப்ப வேண்டியிருந்தது), 7 சதவீத முத்திரைத் தீர்வை, அம்மாவின் இரண்டு வளையல். யாரோ ஒருத்தி ஒரு ஊருக்குள் வருவதற்கு இவ்வளவு ஆகிறது.

சரி, அந்த இடிந்த வீட்டுக்கு வருகிறேன்.

எனக்கு அந்த வீடு தெரியும். பதிவு போட்ட அன்பரைவிட நன்றாகவே தெரியும் என்று நினைக்கிறேன். அவர் கோடை விடுமுறைக்கு வந்துபோன வீடு அது. நான் வருஷம் முழுக்க, காலை ஐந்தரை மணிக்கு, அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போன வீடு. அப்பா பால் ஊற்றினார். வாசல் படியின் விளிம்பில் பாத்திரம் வைத்திருப்பார்கள். பாத்திரத்தில் படாமல் உயரத் தூக்கி ஊற்ற வேண்டும். அப்பா அதில் கெட்டிக்காரர், ஒரு சொட்டு வெளியே சிந்தாது. நான் அதை ஒரு வித்தை என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் கண்ணீர் விடும் அந்தத் திண்ணை, அதன் சிவப்புத் தரை, அந்த மரத்தூண், எல்லாம் அழகுதான். மறுக்கவில்லை. ஐப்பசி மழையில் என் அப்பா கேனோடு நனைந்தபடி கீழ்ப்படியில் நின்றிருக்கிறார், திண்ணை காலியாகக் கிடந்திருக்கிறது. உட்காராதே என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருந்ததில்லை.

"ஆரம்பிச்சுட்டியா, எதை எடுத்தாலும் சாதியா" என்று ஒருவர் இப்போதே டைப் செய்துகொண்டிருப்பார். அண்ணா, ஆரம்பித்தது நானில்லை. "யார் யாரோ" என்பதற்கு வேறு என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்கள். ஃபிளாட் வந்தால் சாக்கடை தாங்காது என்று எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். தண்ணீர் போதாது, ஒரு கார் வந்தால் இன்னொன்று பின்னால் போக வேண்டிய சந்து, எல்லாம் உண்மை. எங்கள் கட்டடத்திலேயே மே மாதம் போர்வெல் மக்கர் செய்யும். இதெல்லாம் நியாயமான கேள்விகள், பேசலாம். அந்தப் பதிவில் சாக்கடையைப் பற்றி ஒரு வரி இருந்ததா? வருகிற ஆட்களைப் பற்றித்தானே இருந்தது?

நான் என்ன சாதி என்று கமெண்டில் கேட்கப்போகிறவருக்கு: சொல்ல மாட்டேன். வாடகைக்கு வீடு தேடிய வருஷங்களில் "நீங்க வெஜ்ஜா?" என்று சுற்றி வளைத்துக் கேட்டவர்களுக்கே நான் நேராகப் பதில் சொன்னதில்லை. பதினொரு வீடு பார்த்தேன். அதில் ஒன்பதில் அந்தக் கேள்வி. விலைக்கு வாங்கும்போதுதான் முதல்முறையாக யாரும் அதைக் கேட்கவில்லை. பில்டர் கேட்டது ஒன்றே ஒன்று, லோன் சாங்ஷன் ஆகிவிட்டதா என்று. நீங்கள் திட்டும் அந்த ஃபிளாட் இருக்கிறதே, அதற்கு என் கணக்கில் இவ்வளவு பெரிய மரியாதை உண்டு. காசைப் பார்த்தது, ஆளைப் பார்க்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கும் சங்கடம்தான்.

"அப்போ பாரம்பரியமே வேண்டாமா?" வேண்டும். நீங்கள் அட்டைப்படமாக வைத்திருக்கும் ராஜகோபுரம் எந்த வருஷம் முடிந்தது தெரியுமா? 1987. சில நூறு வருஷமாக மொட்டைக் கோபுரமாக நின்றதை 13 நிலை, 236 அடி என்று கட்டி முடித்துக் குடமுழுக்குச் செய்தபோது எனக்குப் பதினோரு வயது. அந்தக் கூட்டத்தில் அப்பா என் கையைப் பிடித்த பிடியில் மணிக்கட்டு சிவந்தது இன்னும் நினைவிருக்கிறது. இந்த ஊரின் அடையாளம் என்று உலகமே படம் எடுக்கிற கோபுரம் என்னைவிடச் சின்னது. மொட்டையாக இருந்ததுதான் பாரம்பரியம், கை வைக்காதே என்று அன்று யாராவது பதிவு போட்டிருந்தால்? சரி, கோபுரமும் ஃபிளாட்டும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லைதான். கோபத்தில் வந்த உவமை, விட்டுவிடுங்கள். ஆனால் முழுக்கத் தப்பும் இல்லை.

அப்புறம் இன்னொன்று. அதே அன்பர் ஒவ்வொரு கார்த்திகை ரோகிணிக்கும் திருப்பாணாழ்வார் பாசுரம் போடுவார். நானும் ஹார்ட் போடுவேன். காவிரிக்கு அக்கரையிலேயே நின்று பாடியவர். தாழ்ந்த குலம் என்று ஒதுக்கப்பட்டதால் ஊருக்குள் கால் வைக்காதவர். வழியில் நிற்கிறார் என்று கல்லெறிந்த முனிவரே அவரைத் தோளில் சுமந்து சன்னிதிக்குள் கொண்டுபோனார் என்றுதானே கதை? ஆழ்வாரைச் சுமந்த ஊர் இது. எங்களைச் சுமக்கச் சொல்லவில்லை. மாதாமாதம் இ.எம்.ஐயை நாங்களே சுமந்துகொள்கிறோம். வந்தோம் என்றால் முகம் சுளிக்காமல் இருந்தால் போதும்.

அந்த வீடு எட்டு வருஷம் பூட்டிக் கிடந்தது. முற்றத்தில் அரசங்கன்று ஆளுயரம் வளர்ந்து ஓட்டைப் பெயர்த்தது. கடைசி மாமி போனபிறகு சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த பிள்ளைகளுக்கு அதைப் பராமரிக்க முடியவில்லை, விற்றார்கள். அது அவர்கள் உரிமை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எட்டு வருஷத்தில் இந்த நானூறு பேரில் ஒருவராவது "நான் வாங்கி, ஓடு மாற்றி, குடியிருக்கிறேன்" என்று வந்தாரா? உங்களுக்கு வேலை வெளியூரில், பிள்ளைகளுக்குப் பள்ளி வெளியூரில். வைகுண்ட ஏகாதசிக்கு வந்தால் நின்று படம் எடுக்க ஒரு திண்ணை வேண்டும். அதை நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏகாதசி வாரத்தில் என் வண்டியை எங்கே விட்டுவிட்டு எவ்வளவு தூரம் நடந்து வீட்டுக்கு வருகிறேன் என்று கேட்டிருக்கிறீர்களா? 2022 கடைசியில் காவிரிப் பாலத்தை மராமத்துக்காக மூடியபோது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நான் வேலை செய்யும் பள்ளிக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போய் வந்தேன். அப்போதும் முடிந்துபோகாத ஸ்ரீரங்கம், நான் குடியிருப்பதால் முடிந்துவிட்டதாம்.

நேற்று ராத்திரி அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். எண்பத்தொரு வயது, என்னோடுதான் இருக்கிறார். எனக்காகக் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. செல்லைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "அட, அந்த மாமி வீடா? பாவம். பால் காசு ஒரு நாள் பாக்கி வெச்சதில்ல" என்றார். அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழையில் நின்றது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "ஆமா, நல்லா மழை பெய்யும் அப்பல்லாம்" என்கிறார்.

மாமி நல்லவர்தான். எனக்கு பத்தாம் வகுப்புக் கணக்கு கைடு கொடுத்தவர் அவர். படியில் வைத்தார், நான் எடுத்துக்கொண்டேன். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நன்றி கெட்டவள் என்று ஒரு கமெண்ட் வரும்.

எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடி, இரண்டு பெட்ரூம், விற்பனைக்கு வருகிறது. பத்திரம் சுத்தம். லிஃப்ட் வாரத்தில் ஒரு நாள் வேலை செய்யாது. திண்ணை கிடையாது, கார் நிறுத்துமிடத்தில் ஒரு சிமென்ட் மேடை உண்டு, அப்பா சாயங்காலம் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். ஊரைக் காப்பாற்ற விரும்பும் நானூறு பேரில் யாருக்காவது வேண்டுமென்றால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், ஓனர் நம்பர் தருகிறேன். சீக்கிரம் வாருங்கள், ஏற்கெனவே யார் யாரோ வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.