ரோதன்புர்க்கா, நோர்ட்லிங்கனா?

ஜெர்மனிக்கு வரும் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "மதில் சுவரோட அப்படியே இருக்கிற பழைய ஊர் ஒண்ணு பார்க்கணும். ஒரு நாள்தான் இருக்கு. ரோதன்புர்க் போயிடலாமா?"

நான் சொல்வது, நோர்ட்லிங்கன் போங்கள். போனால் ராத்திரி அங்கேயே தங்குங்கள்.

இரண்டும் பவேரியாவில், 'ரொமான்டிக் சாலை' என்று சொல்லும் ஒரே வழியில் இருக்கும் ஊர்கள். இரண்டும் ஒரு காலத்தில் பேரரசருக்கு மட்டும் கட்டுப்பட்ட சுதந்திர நகரங்கள். 17ஆம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போரில் இரண்டுமே நொடித்துப்போயின. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டக் கையில் காசில்லை. அந்த வறுமையால்தான் இன்று நாம் பார்க்க இவ்வளவு மிஞ்சியிருக்கிறது.

ரோதன்புர்க்கைக் குறைத்துச் சொல்லவில்லை. புனித யாக்கோபு தேவாலயத்தில் மாடியேறிப் போனால் டில்மன் ரீமன்ஷ்னைடர் 1500களின் தொடக்கத்தில் செதுக்கிய மரப் பலிபீடம் இருக்கிறது. இயேசுவின் கடைசி இரவு உணவுக் காட்சி. வண்ணப்பூச்சு கிடையாது, வெறும் லிண்டன் மரம். நடுவில் நிற்பது இயேசு இல்லை, யூதாஸ்! கையில் பணப்பையோடு நிற்கும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நின்றுவிட்டேன். அதற்காக மட்டுமே அந்த ஊருக்கு இன்னொரு முறை போவேன்.

ஆனால் வெளியே வந்தால் கூட்டம். பகல் பதினொன்றிலிருந்து நாலு மணிவரை பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். ப்ளோன்லைன் என்ற தெருமுனையில் இருக்கும் அந்த மஞ்சள் வீட்டின் முன்னால் படம் எடுக்க வரிசையே நிற்கிறது. தெரு முழுக்க நினைவுப்பொருள் கடை. ஒரு மளிகைக் கடையைத் தேடி நடந்து அலுத்துப்போனேன்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. 1945 மார்ச் 31 அன்று விழுந்த குண்டுகளில் ஊரின் கிழக்குப் பகுதி எரிந்துபோனது, மதிலிலும் ஒரு பகுதி இடிந்தது. உலகெங்கும் இருந்து வந்த நன்கொடையில் அதைத் திரும்பக் கட்டினார்கள். மதில்மேல் நடந்தால் கொடுத்தவர்களின் பெயர்க் கற்கள் வரிசையாக வருகின்றன, ஜப்பானியப் பெயர்கள்கூட. அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நீங்கள் அங்கே பழமை என்று நினைத்துத் தொடுவதில் கொஞ்சம் என் அப்பா வயதுதான்.

நோர்ட்லிங்கன் கதையே வேறு. சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் விழுந்து தோண்டிய பள்ளத்துக்குள்ளே உட்கார்ந்திருக்கும் ஊர் அது. பள்ளத்தின் அகலம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். விழுந்த வேகத்தில் பாறை உருகி உருவான சாம்பல் நிறக் கல்லால்தான் புனித ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத வைரத் துகள்கள் இருக்கின்றன. கட்டியவர்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? எரிமலைக் கல் என்றே வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 1960 வாக்கில்தான் ஷூமேக்கர், சாவோ என்ற இரு அமெரிக்க நிலவியலாளர்கள் உண்மையை நிறுவினார்கள். நிலவுக்குப் போகுமுன் அப்போலோ 14 வீரர்கள் பாறைகளைப் படிக்க இங்கேதான் வந்தார்கள்.

அந்தத் தேவாலயக் கோபுரத்துக்கு 'டேனியல்' என்று செல்லப்பெயர். 90 மீட்டர், 350 படிகள். அம்மாவைக் கீழே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஏறினேன். மேலேயிருந்து பார்த்தால் சிவப்பு ஓட்டுக் கூரைகள், அவற்றைச் சுற்றி வட்டமாக மதில், அதற்கப்பால் வயல், தொலைவில் நாலாபக்கமும் மேடு. அந்த மேடுதான் பள்ளத்தின் விளிம்பு என்று புரிந்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

மதில் எங்கும் அறுபடாமல் ஊரைச் சுற்றி வருகிறது. ஐந்து வாசல்கள், மேலே ஓட்டுக் கூரை, சீட்டு வாங்க வேண்டாம். அம்மாவும் நானும் ஒன்றேகால் மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்தோம். ஒரு பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லை, கொடியில் காயும் துணி, சாய்த்து வைத்த குழந்தை சைக்கிள். அப்புறம் தோல் பதனிட்டவர்கள் குடியிருந்த தெரு. தோலைக் காயவைக்கக் காற்றோட்டமாக விட்ட பரண்கள் அந்த வீடுகளின் உச்சியில் இன்னும் இருக்கின்றன. இங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள். பழைய ஊர் என்றால் நான் தேடிப் போவது அதைத்தான்.

ராத்திரி பத்து மணிக்குக் கோபுரத்தின் மேலிருந்து ஒரு குரல் வரும்: "ஸோ க்ஸெல் ஸோ!" காவல்காரர் நள்ளிரவுவரை அரை மணிக்கு ஒரு முறை கூப்பிடுகிறார். 1440இல் எதிரிக்கு விலைபோன காவலர்கள் தாழிடாமல் விட்ட வாசல் கதவில் ஒரு பன்றி முதுகைத் தேய்க்க, அதைப் பார்த்த ஒரு பெண் இதே வார்த்தைகளைக் கத்தி ஊரை எழுப்பிக் காப்பாற்றினாள் என்று அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். அம்மா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பன்னிரண்டுவரை தூங்கவேயில்லை. ஒவ்வொரு முறையும் "கேட்டியா?" என்று என்னை எழுப்பினார்.

பகலில் வந்துவிட்டு மாலை ரயிலில் திரும்புகிறவர்களுக்கு இது கிடைக்காது. டோனாவொர்த்தில் வண்டி மாறினால் அரை மணி நேரப் பயணம்தான், நிலையத்திலிருந்து மதிலுக்கு நடந்தே போய்விடலாம். இரண்டு நாள் இருந்தால் ரோதன்புர்க்கும் போங்கள், சரி. ஆனால் அங்கேயும் தங்குங்கள். மறுநாள் பஸ்கள் வருவதற்குள் முதல் வேலையாக அந்த யூதாஸைப் பார்த்துவிடுங்கள்.