மொழியியலில் பிஎச்.டி.: தலைப்பைக் கடன் வாங்காதீர்கள்

போன வாரம் தெரிந்த பெண் ஒருத்தி போன் செய்தாள். தேன்கனிக்கோட்டைப் பக்கம், எம்.ஏ. தமிழ் முடித்தவள். "அண்ணா, மொழியியல்ல பிஎச்.டி. சேரலாம்னு இருக்கேன். நல்ல தலைப்பா ஒண்ணு சொல்லுங்களேன்." அந்தக் கடைசி வாக்கியம்தான் உறுத்தியது. ஏனென்றால் நானும் அப்படிக் கேட்டு வாங்கியவன்தான். இரண்டு வருஷம் போனது.

எனக்கு முதலில் வாய்த்த நெறியாளர் (பெயரும் ஊரும் வேண்டாம்) தந்த தலைப்பை எனக்கு முன்பே மூன்று பேர் செய்திருந்தார்கள். எடுத்துக்கொண்ட நாவல் மட்டும் வேறு. எங்கள் பக்கத்துப் பேச்சை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எல்லாம் கலப்படம். அதுல ஆராய என்னய்யா இருக்கு?" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது, அன்றைக்கு எனக்கும் பதில் தெரியவில்லை.

இன்றைக்கென்றால் அவரை தர்மபுரியில் ஓசூர் ரயில் ஏற்றிவிடுவேன். பாலக்கோடு தாண்டினால் மாரண்டஅள்ளி. அந்த 'அள்ளி' என்ன? நம் 'பள்ளி'தான். சொல்லின் முதலில் வரும் 'ப' கன்னடத்தில் ஒரு காலத்தில் 'ஹ' ஆனது. பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு. அப்படித்தான் பள்ளியும் ஹள்ளி ஆனது. அந்த ஹள்ளி நம் வாய்க்கு வந்ததும் 'ஹ' உதிர்ந்து அள்ளி. அதே மாவட்டத்தில் நல்லம்பள்ளி, 'ப'வை விடாமல் அப்படியே இருக்கிறது. எந்த ஊர் அள்ளி, எந்த ஊர் பள்ளி, எந்த ஊர் பட்டி என்று ஒரு வரைபடத்தில் குறித்தாலே பாதி அத்தியாயம் கையில் இருக்கும். நாம் இதை டிக்கெட் எடுக்கும்போது தினமும் சொல்கிறோம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், கடைவீதியில் உருது, பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்கிற பிள்ளைகள் ஏராளம். வேறு ஊர் ஆராய்ச்சியாளர் வருஷக்கணக்கில் தங்கிக் கற்க வேண்டியது அவர்களுக்குச் சோற்றோடு கிடைத்துவிடுகிறது. ஆனால் அவர்களே "எங்க வீட்ல பேசுறது சுத்தத் தெலுங்கு இல்லீங்க" என்று கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சமே ஒரு ஆராய்ச்சிக்குக் காணும், அது வேறு கதை.

இது சுலபமான வேலை என்று சொல்லவில்லை. கெலமங்கலம் பக்கம் ஒரு பாட்டியம்மாவைப் பதிவு செய்யப் போனேன். ரெக்கார்டரைக் கண்டதும் முக்கால் மணி நேரம் ரேடியோ செய்தி மாதிரி தமிழில் பேசினார். வாசலில் காயப்போட்ட கேழ்வரகில் ஆடு வாய் வைத்தது. அப்போதுதான் வீட்டுத் தெலுங்கு வெளியே வந்தது, மொத்தம் ஏழு நொடி. எனக்கு வேண்டியது அந்த ஏழு நொடிதான். கவனிக்கப்படாதபோது ஜனங்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்று அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் சொன்ன முரண்பாடு, புத்தகத்தில் படித்தபோது புரியாதது, ஆட்டைப் பார்த்ததும் புரிந்தது. வீட்டுக்கு வந்து பேச்சொலியை அலசும் பிராட் மென்பொருளில் போட்டு (இலவசம், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து ஆட்கள் செய்தது) அந்த ஏழு நொடியை ஒலி ஒலியாக எழுத ஒரு சாயங்காலம் ஆயிற்று.

சரி, காசு விஷயம். நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000. மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் இல்லாத உதவித்தொகை என்றால் 8,000. ஹாஸ்டலுக்கும் களப்பணி பஸ் செலவுக்கும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் நெட்டை ஒழுங்காக எழுதிவிட்டுச் சேரு என்றேன். மொழியியல் துறைக்கு ஊரைவிட்டுத்தான் போக வேண்டும்: சிதம்பரத்தில் அண்ணாமலை, தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம், கோவையில் பாரதியார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவின் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் 1997லிருந்து இருக்கிறது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அது சிதம்பரத்தைவிடப் பக்கம், ஏனோ யாரும் நினைப்பதில்லை. எங்கே போனாலும் நெறியாளரிடம் இடம் இருக்கிறதா என்று முதலில் கேள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி ஒரே சமயத்தில் பேராசிரியருக்கு எட்டு பேர், இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நாலு, அவ்வளவுதான்.

தலைப்பை மட்டும் சொல்லவில்லை. "உங்க பாட்டி பேசுறத ஒரு வாரம் சும்மா கேளு, அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டேன். கோபித்துக்கொண்டாளோ என்று நினைத்தேன்.

நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ. பாட்டி தக்காளிப் பெட்டிகளை எண்ணுகிறார்: ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு. வியாபாரி விலை கேட்டதும் ரூபாய்க் கணக்கு முழுக்கத் தமிழில். பிறகு மறுபடி பெட்டி, மறுபடி தெலுங்கு. கீழே அவள் எழுதியிருந்தாள்: "ஏன் பாட்டி மாத்தினன்னு கேட்டேண்ணா. 'என்னத்த மாத்தினேன்?'னு என்னையே கேக்குது."