பயமில்லாமல் பதில் சொல்லக்கூடிய இடம் வேண்டும்

மாரி காலத்தில் இலங்கையின் வன்னியில் ஒருவர் காய்ச்சலோடு வந்தால் முதலில் டெங்குவை யோசிப்போம். வயலில் இறங்கியவர் என்றால் எலிக்காய்ச்சல். சரியான யோசனைதான். ஆனால் ஆபிரிக்காவில் காணப்படும் எபோலா, லாசா போன்ற வைரஸ் காய்ச்சல்களும் முதல் நாட்களில் இப்படித்தான் இருக்கும்: காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு, சத்தி. இரத்தக்கசிவு பிந்தித்தான் வரும், பலருக்கு வருவதே இல்லை. தொற்றிய பிறகு நோய் வெளியே தெரிய 21 நாள் வரை எடுக்கலாம். அதனால் கடந்த 21 நாட்களில் எந்த நாட்டில் இருந்தீர்கள் என்ற கேள்வியை விடவே கூடாது.

2014 செப்டெம்பரில் லைபீரியாவிலிருந்து அமெரிக்காவின் டலஸ் நகருக்குப் போனவர் ஆபிரிக்காவிலிருந்து வந்ததைச் சொன்னார். எழுதியும் வைத்தார்கள். ஆனாலும் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது எபோலா முற்றியிருந்தது. அவர் இறந்தார், பராமரித்த தாதியர் இருவருக்கும் தொற்றியது. அதே ஆண்டு ஜூலையில் நைஜீரியாவின் லாகோஸில், எபோலா நோயாளியோடு தொடர்பே இல்லை என்று மறுத்த ஒருவரை டொக்டர் ஸ்டெல்லா அடடேவோ நம்பி வெளியே விடவில்லை. மேலிருந்து அழுத்தம் வந்தும் விடவில்லை. நைஜீரியாவில் நோய் 20 பேரோடு நின்றது. டொக்டர் ஸ்டெல்லா அதே நோயில் இறந்துபோனார்.

இங்கே நிலைமை இன்னும் சிக்கல். ஏஜென்சிக்காரரை நம்பி மேற்கு ஆபிரிக்கா வழியாக ஐரோப்பாவுக்குப் புறப்பட்டு, இடையில் மாட்டித் திரும்பிய எங்கள் பெடியள் அதை வெளியே சொல்லமாட்டார்கள். எங்கே போனாய், யாரோடு போனாய் என்ற கேள்விகள் வன்னிச் சனத்துக்கு எந்த இடத்தில் பழக்கமானவை என்று நான் விளக்கத் தேவையில்லை. ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) வரிசையில் பத்துப் பேர் காதில் விழக் கேட்டால் “கொழும்பில் நின்றனான்” என்றுதான் பதில் வரும். சிங்களம் மட்டும் தெரிந்த டொக்டருக்கு மொழிபெயர்க்க நிற்பவர் ஊர்க்காரராக இருந்தால் அதுவும் வராது.

அதனால் தனியாக இருத்திக் கேட்கவேண்டும். சொல்வது பொலிசுக்கோ ஊருக்கோ போகாது என்று முதலே சொல்லவேண்டும், அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். ஆபிரிக்கா என்று பதில் வந்தால் உடனே தனி அறை, தனிக் கழிப்பறை, உள்ளே போகும் ஆட்கள் மிகக் குறைவு, தேவையில்லாமல் இரத்தம் எடுப்பதில்லை. மலேரியாவை மறக்கக்கூடாது, பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். சுகாதார வைத்திய அதிகாரிக்கு அன்றே அறிவிக்கவேண்டும். கவச உடையைக் கழற்றும் பயிற்சி சத்தியைத் துடைக்கும் சிற்றூழியருக்கும் கட்டாயம் வேண்டும்.

உள்நாட்டு மலேரியா நோயாளி கடைசியாக 2012இல் பதிவானதால், மலேரியா ஒழிந்த நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. வெளியிலிருந்து வரும் மலேரியாவை இன்றும் பயண விபரம் கேட்டுத்தான் பிடிக்கிறார்கள். அந்தப் பழக்கம் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மாவட்ட வைத்தியசாலைகள் ஓபிடியில் ஒரு மூலையைத் திரைபோட்டு மறைத்து, அதை ஒழுங்காகக் கேட்க இந்த மாரிக்கு முன்பே தொடங்கவேண்டும்.