சுருள்முடிக்கு எது குளிர்காலம்?

சுருள்முடிப் பராமரிப்பைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே பாட்டுதான்: குளிர்காலத்துக்குக் கெட்டியான கிரீம், கோடைக்கு இலேசான ஜெல். கோலாலம்பூரில் இருப்பவள் எந்த மாதத்தைக் குளிர்காலம் என்று வைத்துக்கொள்வது? ஜனவரியிலும் பகலில் 32 டிகிரி, ஜூலையிலும் ஏறக்குறைய அதேதான்!

இங்கே பருவம் மாறுவது நாள்காட்டியில் அல்ல, கதவைத் திறக்கும்போது. அலுவலகக் குளிர்சாதனம் முடியை வைக்கோலாக்கி அனுப்புகிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதையில் கால் வைத்ததும் காற்றின் ஈரம் உள்ளே புகுந்து, ஒவ்வோர் இழையும் தன் போக்கில் கிளம்பிவிடுகிறது. இதில் கிளிசரின் கலந்த கிரீம் வேறு. ஈரத்தை இழுப்பதுதான் அதன் வேலை. வெளியே அளவுக்கு மீறி இழுத்து முடியை உப்ப வைக்கும். வறண்ட அறைக்குள் இழுக்க எதுவுமின்றிச் சும்மா கிடக்கும். இரண்டு இடத்துக்கும் சேர்த்து ஒரு புட்டி செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

ஏப்ரலிலும் அக்டோபரிலும் கேட்கவே வேண்டாம். பருவக்காற்று திசை மாறும் இடைக்காலம்; வேலை முடியும் நேரம் பார்த்து இடிமழை கொட்டும். காலையில் ஜெல் தடவி, சுருள் சுருளாகப் பிரித்து, கலையாமல் காயவைத்ததெல்லாம் ரயில் நிலைய வாசலிலேயே கரைந்துவிடும்.

"எண்ணெய் தேய்த்து இறுகப் பின்னிக்கொள்ளம்மா" என்கிறார் அத்தை. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கும் என்பது உண்மைதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்தைக்கு நேர்முடி.