100 மீட்டர் கணக்கு எல்லாக் கம்பிக்கும் இல்லை

"செம்புக் கம்பியில் 100 மீட்டர் தாண்டினால் நெட்வொர்க் வேலை செய்யாது, இரண்டு கட்டடங்களை இணைக்க ஃபைபர்தான் (ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழைக் கேபிள்) ஒரே வழி" என்று பலர் சொல்வது பாதிதான் சரி. 100 மீட்டர் என்பது நாம் வழக்கமாகப் போடும் ஈதர்நெட் கேபிளுக்கான வரம்பு. கம்பியின் வரம்பு அல்ல.

ஏற்கெனவே பூமிக்குள் கிடக்கும் பழைய தொலைபேசிக் கம்பி ஒரே ஒரு ஜோடி இருந்தாலும் போதும். இரு முனைகளிலும் விடிஎஸ்எல்2 எக்ஸ்டெண்டர் (தொலைபேசிக் கம்பி வழியே நெட்வொர்க்கை நீட்டிக்கும் கருவி) வைத்தால், சில நூறு மீட்டரிலும் பல பத்து எம்பிபிஎஸ் கிடைக்கும். தூரம் கூடக் கூட வேகம் இறங்கும். ஆனால் வீட்டு டிஎஸ்எல் மோடம் இரண்டை எதிரெதிரே மாட்டினால் பொதுவாக இணையாது. இரண்டில் ஒன்று எக்ஸ்சேஞ்ச் (தொலைபேசி நிலையம்) பக்கமாக நடக்க வேண்டும், அது சாதாரண மோடத்துக்குத் தெரியாது. (பலர் காசை விடுவது இங்கேதான்.)

வாங்கும் முன் ஒரு சின்னச் சோதனை: ஒரு முனையில் இரு கம்பிகளையும் சேர்த்து முறுக்கிவிட்டு, மறுமுனையில் மல்டிமீட்டரால் ஓம் அளவு பாருங்கள். 0.5 மி.மீ. கம்பி 300 மீட்டர் என்றால் 50 ஓம் சுற்றி வர வேண்டும். 400 காட்டினாலோ, முள் ஆடிக்கொண்டே இருந்தாலோ, நடுவில் எங்கோ மூட்டு துருப்பிடித்திருக்கலாம்.

ஃபைபருக்கு ஒரு விஷயத்தில் மறுப்பே இல்லை: மின்னல். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, செம்பில் பாயும். கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் செம்பு என்றால் இரு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின்னழுத்த உயர்விலிருந்து காக்கும் கருவி) கட்டாயம். அப்புறம், அந்தக் கம்பி உங்களுடையதா, தொலைபேசி நிறுவனத்துடையதா என்பதையும் முதலில் கேட்டுவிடுங்கள்.