இந்த மாசம் எத்தனை பேர்?

ராத்திரி ரெண்டரை மணிக்கு போன் அடிக்குது. போன வாரம் மட்டும் மூணு தடவை. ஊர்ல அப்போ காலை ஆறு மணி. ஜெபத்தை முடிச்ச கையோட ஒரு அண்ணாச்சிக்கு என் ஞாபகம் வந்துருது. "ஸ்தோத்திரம் தம்பி, சுகமா இருக்கீங்களா? இந்த மாசம் எத்தனை பேர்?"

நீங்க என்னை மிஷனரியா அனுப்பி வச்ச தென்னாப்பிரிக்கா டர்பனுக்கும் திருநெல்வேலிக்கும் மூணரை மணி நேரம் வித்தியாசம்னு பத்து மாசமா சொல்லிட்டிருக்கேன். யாரும் காதுல வாங்கல. தூக்கம் போனா போயிட்டுப் போகுது. அந்த ரெண்டாவது கேள்விதான் என்னை விடியற வரைக்கும் புரட்டுது.

மாசாமாசம் 28-ம் தேதி நான் அனுப்புற அறிக்கையில மூணு கட்டம் இருக்கு. சந்தித்தவர்கள், ஜெபித்தவர்கள், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமானவர்கள். கூடவே குறைஞ்சது அஞ்சு போட்டோ. போன மாசம் மூணாவது கட்டத்துல பூஜ்யம்னு எழுதினேன். மறுநாளே வாட்ஸப்புல ஒரு குரல்: "காணிக்கை கொடுத்து ஊழியத்தைத் தாங்குறவங்களுக்கு நாங்க என்ன பதில் சொல்றது தம்பி?"

உண்மையைச் சொல்லுங்க. அதைச் சொல்ல என்ன தடை?

நான் இருக்கறது டர்பனோட புறநகர் சாட்ஸ்வொர்த். நீங்க மனசுல வரைஞ்சு வச்சிருக்கற காடும் குடிசையும் இங்க கிடையாது. 1860 நவம்பர்ல ட்ரூரோ கப்பல் மதராஸ்லேருந்து வந்து டர்பன்ல நின்னுச்சு. அதுலயும் அதுக்குப் பின்னால வந்த கப்பல்கள்லயும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா வந்த சனத்தோட வம்சம் இது. டர்பன் நகரத்துக்குள்ள மேகசின் பேரக்ஸ்ல குடியிருந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்களை 1960-கள்ல நிறவெறி அரசு பெயர்த்தெடுத்துக் கொண்டாந்து போட்ட இடமும் இதுதான். கோயிலும் இருக்கு, சபையும் இருக்கு. நான் பொறக்கறதுக்கு முன்னாலயே வேதம் வாசிச்சுட்டிருந்த வீடுங்க இருக்கு. இந்த ஊரைப் பத்தி நான் எழுதின கடிதத்தை அச்சுல போடும்போது "இருண்ட தேசத்திலிருந்து"ன்னு தலைப்பு வச்சீங்களே, யாரைக் கேட்டு வச்சீங்க? இங்க ஒரு பெரியவர் அதை யாராவது படிச்சுச் சொல்லிக் கேட்டார்னா, நான் எந்த முகத்தோட அவர் வீட்டு வாசப்படி ஏறுவேன்?

போட்டோ சமாச்சாரம் அதைவிட மோசம். "ஆப்பிரிக்கப் பிள்ளைங்களைச் சுத்தி நிக்க வச்சு ஒண்ணு எடுத்து அனுப்புங்க, காலண்டர்ல போட நல்லா இருக்கும்." யார் பெத்த பிள்ளைங்க? அவங்க அப்பா அம்மாகிட்ட யார் கேட்டா? பாளையங்கோட்டையில உங்க பிள்ளையை முன்பின் தெரியாத ஒருத்தன் படம் எடுத்து, "ஏழைக் குழந்தை"ன்னு எழுதி வேற நாட்டுச் சுவத்துல மாட்டினா விடுவீங்களா?

இங்க ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு ஒரு தடவையாவது கேளுங்க. வீட்டுக்கு வீடு இரும்பு கேட்டு. கொள்ளை பயம் அப்படி. வெளியில நின்னு "ஆன்ட்டி"ன்னு கூப்பிட்டா முதல்ல நாய் வரும். அப்புறம் திரை அசையும். அப்புறம் கம்பிக்கு அந்தப் பக்கத்துலேருந்தே பேசி அனுப்பிருவாங்க. ஒரு ஆயா வீட்டு கேட்டு திறக்க எனக்கு நாலு மாசம் ஆச்சு. அவங்க பேசறது முழுக்க இங்கிலீஷ், அதுல பாதிதான் எனக்குப் பிடிபடும். என் தமிழ்ல அவங்களுக்குக் காவாசிதான் புரியும். கேட்டைத் திறந்த அன்னைக்கு ஒரு டம்ளரை நீட்டி, "தண்ணி குடி"ன்னாங்க. அந்த ரெண்டு வார்த்தையை அவங்க அம்மாகிட்டேருந்து கேட்டு வச்சிருந்திருக்காங்க. எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. இப்போ மாசப் பொறப்புல முதியோர் உதவித்தொகை வரிசையில அவங்களோட நிக்கிறேன். போன தடவை மூணு மணி நேரம் ஆச்சு. இதை எந்தக் கட்டத்துல எழுதட்டும்?

அப்புறம் பேவியூ அடுக்குவீட்டுல ஒரு பையன். பத்தொம்பது வயசு. சுகர்ஸ்னு இங்க ஒரு தூள், ஹெராயின் கலந்தது, இருபது வருஷமா இந்த ஊர்ப் பிள்ளைங்களைத் தின்னுட்டிருக்கு. அதை விட்டுர்றேன்னு அவனே சொன்னான். வயித்தைச் சுருட்டிப் பிடிக்கும், வேர்த்துக் கொட்டும், உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும். மூணு ராத்திரி பக்கெட்டைப் பிடிச்சுட்டு பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். அவன் அம்மா முன்னறையில மாரியம்மனுக்கு விளக்கேத்தி வச்சுட்டு, எனக்கு டீ போட்டுக் கொடுத்து, "நீயும் கும்பிடு தம்பி"ன்னாங்க. கும்பிட்டேன், என் ஆண்டவரை. நாலாம் நாள் அவன் ரொட்டியும் பீன்ஸ் கறியும் சாப்பிட்டான். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் போயிட்டான். திரும்ப வந்திருக்கான். இதை நான் கடிதத்துல எழுதினதுக்கு வந்த பதில் என்ன தெரியுமா? "நல்ல சாட்சி தம்பி. அவன் தலையில கை வச்சு ஜெபிக்கிற மாதிரி ஒரு போட்டோ கிடைக்குமா?"

கிடைக்காது. செத்தாலும் எடுக்க மாட்டேன்.

1813-ல பர்மாவுல, ரங்கூன்ல போய் இறங்கின அமெரிக்க மிஷனரி ஜட்சன் அங்க முதல் ஞானஸ்நானம் கொடுத்தது 1819-லதான். ஆறு வருஷம். இதை எனக்குப் பயிற்சியில சொல்லிக் கொடுத்ததே நீங்கதான், கண்ணீரோட சொன்னீங்க. நம்ம வெள்ளாளன்விளையில பொறந்து பின்னால பிஷப்பான அசரியா 1910-ல எடின்பரோ மிஷனரி மாநாட்டுல வெள்ளைக்கார மிஷனரிமார் முன்னால எழுந்து நின்னு, எல்லாம் கொடுத்தீங்க, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்னு கேட்டார். அந்தப் பேச்சை வருஷா வருஷம் மேடையில முழங்குறோம். அவர் எண்ணிக்கை கேட்கல. நண்பன் வேணும்னு கேட்டார். அதைக் கேட்டுத்தான் நான் பெட்டியைக் கட்டினேன்.

காணிக்கை கொடுக்கிறவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. பீடி சுத்துற காசுலேருந்து அம்பது ரூபா எடுத்து வைக்கிற அக்காமார் இருக்காங்கன்னு தெரியும். ஒரு ரேண்டைச் செலவு பண்ணும்போதும் அவங்க விரல்தான் கண்ணுக்குள்ள வருது. அந்த அக்காமார் ஒருத்தர்கூட என்கிட்ட எண்ணிக்கை கேட்டதில்ல. "சாப்பிட்டியா தம்பி"ன்னுதான் கேட்டிருக்காங்க.

இந்த 28-ம் தேதி மூணாவது கட்டத்தைக் காலியா விட்டு அனுப்பறேன். போட்டோ ஒண்ணுகூட வராது. ஆயாவைப் பத்தியும் பையனைப் பத்தியும் பேர் போடாம ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன், அதைத் தாங்குறவங்களுக்கு அப்படியே வாசிச்சுக் காட்டுங்க. ரெண்டரை மணிக்கு போன் பண்ணாதீங்க. அணைச்சு வச்சுட்டுத் தூங்க என்னால முடியாது. அந்த நேரத்துலதான் அவன் அம்மா கூப்பிடுவாங்க.