கால் வலிக்காக உட்கார்ந்தவர் அல்ல

ரோசா பார்க்ஸ் கதை எனக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்: வேலை முடிந்து களைத்துப்போன ஒரு தையல்காரம்மா, கால் வலி, அதனால் பேருந்தில் ஒரு வெள்ளையருக்கு எழுந்து இடம் விடவில்லை, கைதானார். பல வருடம் அதையே நம்பியிருந்தேன். இப்போது யாராவது அப்படிச் சொன்னால் கோபம் வருகிறது.

அது நடந்த 1955 டிசம்பர் 1 அன்று அவருக்கு வயது 42. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரில் கறுப்பின உரிமைச் சங்கத்தின் செயலாளராக வருடக்கணக்கில் உழைத்தவர். 1944இல் ரெசி டெய்லர் என்ற பெண்ணை வெள்ளை இளைஞர்கள் கூட்டாக வன்கொடுமை செய்தபோது அந்த ஊருக்கே போய் விசாரித்தவர். இவரைப் போய்க் கால் வலி என்று முடித்துவிடலாமா? அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, அதே நகரில், எழ மறுத்துக் கைதான கிளாடெட் கோல்வினுக்கு வயது 15தான்.

எனக்கு அதிகம் நினைவில் நிற்பவர் ஜார்ஜியா கில்மோர். சமையல்காரர். அந்த ஊர்ப் பேருந்தில் கறுப்பினத்தவர் முன்வாசலில் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏற வேண்டும். கில்மோர் காசைக் கொடுத்துவிட்டு இறங்கினார். பின்வாசலுக்குப் போவதற்குள் ஓட்டுநர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி பேருந்தே வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தார். பார்க்ஸ் கைதானதை எதிர்த்து ஊர்க் கறுப்பினத்தவர் கூடிப் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்க அப்போது இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

1956இல் நீதிமன்றத்தில் ஏறி இதைச் சொன்னதற்கு வேலை போனது. சரி என்று வீட்டு அடுப்படியிலேயே சமைத்து விற்க ஆரம்பித்தார். அவரும் தோழிகளும் பொரித்த கோழி, கேக், சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட 'பை' (pie) பலகாரம் எல்லாம் செய்து விற்று, போராட்டக்காரர்களை ஏற்றிப்போன கார்களின் பெட்ரோலுக்குப் பணம் சேர்த்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "எங்கிருந்தும் இல்லை". குழுவுக்கே அதுதான் பெயர். கொடுத்தவர்களின் பெயர் வெளியே தெரிந்தால் அவர்களுக்கும் வேலை போகும்.

புறக்கணிப்பு நீடித்தது 381 நாள். அவ்வளவு நாளும் வெள்ளையர் வீடுகளில் துவைத்து, சமைத்து, பிள்ளை பார்த்த பெண்களில் எத்தனையோ பேர் நடந்தே போய் வந்தார்கள். மேடையில் பேசிய ஆண்களின் பெயர் நமக்கு மனப்பாடம். இவர்களின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

1990இல், கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக நடந்த செல்மா நடைப்பயணத்தின் 25ஆம் ஆண்டு நினைவுக்கு வருபவர்களுக்காகச் சமைத்த கில்மோர், அந்த நாட்களிலேயே இறந்துபோனார். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அந்தச் சாப்பாட்டையே பரிமாறினார்கள்.